விரற்கடை

மூன்று கோழிகளை ஒரே இரவில் கொடுத்த பிறகுதான்
கோழிவலை என்ற பெயரின் பொருள் விளங்கியது.
அது கோழியை உள்ளே வைக்கும்,
அவ்வளவுதான்.
வெளியே நிற்பவற்றுக்கு அது எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

சேற்றுத் தடத்தைக் குனிந்து பார்த்த டெல்வின்
"குவால்" என்றாள்.
செம்பழுப்பு உடம்பு, வால்நுனி வரை வெள்ளைப் புள்ளி,
பூனையைவிடக் கொஞ்சம் பெரிது.
"சுடாதே. பொறி வைக்காதே. மிஞ்சியிருப்பதே கொஞ்சம்.
இந்தத் தீவில் உன்னையும் என்னையும்விட
அதற்குத்தான் சட்டத்தின் துணை அதிகம்."

ஆப்பிள் பெட்டி அடுக்கும் வேலை ஏப்ரலோடு முடிந்திருந்தது.
கையில் தொண்ணூறு டாலர்.
கோழி நான்கு.

ஹூவன்வில் குப்பைக்கிடங்குக் கடையில்
யாரோ வீட்டுப் பிள்ளைகள் குதித்துத் தீர்த்த
டிராம்போலின் வளையங்கள் இரண்டு, பதினாறு டாலர்:
ஒன்று அடிக்கு, ஒன்று முடிக்கு.
பழைய குளிர்பெட்டித் தட்டுகள் ஒரு கட்டு, ஏழு.
குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டாய்ப் பிணைத்தேன்.
ஒரு காலத்தில் பாலும் வெண்ணெயும்
யாரும் தின்னாத பிறந்தநாள் கேக்கும் சுமந்தவை
இப்போது என் கூரை.
புதிதாய் வாங்கியது கம்பிவலை மட்டும்.
அறுபத்தொரு டாலர்;
எண்ணிக் கொடுக்கையில் கை கொஞ்சம் தயங்கியது.
கண் ஒவ்வொன்றும் அரை அங்குலம்,
என் சுண்டுவிரல் நுனிகூட நுழையாது.
தோண்டுகிறவர்களுக்காகத் தரையில் வெளிப்பக்கம்
ஒரு முழம் படுக்கவிட்டுக் கல் பரப்பினேன்.
மிச்சம் ஆறு டாலருக்குக் கொண்டி,
கதவு சாத்தினால் தானே விழுவது.

முதல் மாலை, பரண்கழி ஆடுகிறதா என்று பார்க்க
உள்ளே குனிந்து போனேன்.
ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது.
டக்.

நான் கட்டியதிலேயே குறை சொல்ல முடியாதது
அந்தக் கொண்டிதான்.

குறடு வெளியே புல்மேல் கிடந்தது,
பார்க்கலாம், தொட முடியாது.
சமையலறை ஜன்னலில் என் போன்
ஒளிர்ந்து அணைந்தது, மறுபடி ஒளிர்ந்தது.
டெல்வினுக்குச் சால்மன் பண்ணையில் இரவு முறை,
விடிந்தால்தான் வருவாள்.
நிமிர்ந்தால் தலையில் தட்டு இடித்தது.
கோழிகள் என்னை
வாடகை பாக்கி வைத்த ஆளைப் போலப் பார்த்துவிட்டு
முதுகு திருப்பிக்கொண்டன.
ஒன்று மட்டும், காற்சட்டை நிறத்தவள்,
என் மடியின் சூட்டைக் கண்டுபிடித்தாள்.

நடுநிசிக்குப் பின் அது வந்தது.
அவசரமில்லாமல்,
வீடு பார்க்க வந்தவர் மாதிரி
ஒரு சுற்று, இன்னொரு சுற்று.
கல்லைப் புரட்டியது. விட்டது.
கூரை ஏறியது; என் உச்சிக்கு மேல்
நான்கு பாதம், இரட்டைத் தட்டு, நட்சத்திரம்.
அங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை.
இறங்கி வந்து
கதவுத்தூண் அடியில் நின்றது.

அங்கே வலை முடிகிற இடத்தில்
விரற்கடை அகலம் பிசகியிருந்தது.
மூன்று நாள் கட்டிய நான் பார்க்கவில்லை.
மூன்று நிமிடத்தில் அது பார்த்துவிட்டது.
முதலில் மூக்கு, பிறகு மீசை,
பிறகு இளஞ்சிவப்பாய் ஈறு.
பூட்ஸைக் கழற்றி அந்தச் சந்தில் அடைத்து
கால் வைத்து அழுத்திக்கொண்டேன்.
தோலின் மறுபக்கம் அது கடிப்பது
உள்ளங்காலில் தெரிந்தது.

எவ்வளவு நேரம், தெரியாது.
வெறுப்பென்று எதுவும் எங்கள் நடுவில் இல்லை.
அதற்கும் ஏப்ரல் முடிந்திருக்கலாம்.
பிறகு அது விட்டுவிட்டு,
மேட்டுத் தோட்டத்துப் பக்கம் போயிற்று,
அங்கே முயல் நிறைய.

ஆறரைக்கு டெல்வின் வந்தாள்,
மீன்வாடையோடு.
வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்,
உட்கார்ந்து சிரித்தாள்,
அதன் பிறகுதான் கொண்டியைத் தூக்கினாள்.
"காப்பி?"
"முதலில் குறடு. ஒரு சாண் கம்பி."

சந்தை அடைத்தாயிற்று.
கொண்டிக்கு இப்போது உள்பக்கமும் ஒரு கயிறு உண்டு,
என் தோள் உயரத்தில்.
காற்சட்டை நிறத்தவள் நேற்றிலிருந்து
அதையே தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.